எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பயணம்: ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பள்ளி வேலை நாட்களில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். சீருடைப் பிள்ளைகள் முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்தபடி ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுவார்கள். "நிற்காதே, நட, பின்னால் வருகிறவர்கள் இடிக்கிறார்கள் பார்" என்று ஆசிரியர் விரட்டிக்கொண்டே இருப்பார். ஒரு மணி நேரத்தில் எல்லாக் கூடங்களும் முடிந்துவிடும். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் திமிங்கல எலும்புக்கூடு என்று பதில் வரும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் தலைசிறந்தவற்றைக் கடந்து வந்த பிள்ளைக்கு அவற்றைப் பார்த்ததே நினைவிருக்காது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. நிற்க விட்டிருந்தால் பார்த்திருக்கும்.

குறைவாகப் பார்ப்பது, ஆனால் நின்று பார்ப்பது: இந்த வழிகாட்டி முழுவதும் இதை வைத்தே எழுதப்பட்டது. மூன்று கூடங்கள், கூடத்துக்கு இரண்டு பொருட்கள், பொருளுக்குக் குறைந்தது பத்து நிமிடம் போதும். மீதமுள்ளவை எங்கும் போய்விடாது. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. இந்தியாவில் கொல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்த பழமை அதற்குத்தான். பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் போய்ப் பார்க்கலாம்.

எந்த வகுப்பு, எந்தக் கூடம்

பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆறாம் வகுப்பு என்றால் கற்காலமும் பௌத்தமும் பாடத்தில் இருக்கின்றன. எனவே தொல்பழங்காலக் கூடமும் அமராவதிக் கூடமும் பொருந்தும். ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர் வருகிறார்கள். செப்புத் திருமேனிகள் இருக்கும் படிமக்கூடத்துக்கு அதிக நேரம் ஒதுக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் எல்லாவற்றையும் தொட்டு, 'இவை எப்படி இங்கே வந்தன' என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புக்கும் கீழே உள்ளவர்களைக் கல்வெட்டுகளுக்கு முன்னால் நிற்க வைப்பது யாருக்கும் நல்லதில்லை. அவர்களுக்கு அதே வளாகத்தில் குழந்தைகள் அருங்காட்சியகம் தனியாக இருக்கிறது.

சென்னை தொலைவு என்றால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக் கலைக்கூடம் சோழர் செப்புத் திருமேனிகளுக்குப் பெயர் பெற்றது. மதுரை, சிவகங்கைப் பக்கத்தவர்களுக்கு 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. புதுக்கோட்டை அருங்காட்சியகமும் நூறாண்டு கடந்தது. கீழே வருவதில் பாதி எந்த அருங்காட்சியகத்துக்கும் பொருந்தும்.

ஆசிரியர் முதலில் தனியாகப் போக வேண்டும்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பராமரிப்புக்காகக் கூடங்கள் மூடப்படுவதும் பொருட்கள் இடம் மாற்றப்படுவதும் அங்கே வழக்கம். இணையத்தில் பார்த்த படத்தை நம்பி ஐம்பது பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பூட்டிய கதவைக் காட்டக் கூடாது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒருநாள் போய்ப் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பொருட்கள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் பத்துப் பேர் நிற்க இடம் இருக்கிறதா, கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, மழை பெய்தால் ஒதுங்க எது வசதி, பஸ் எங்கே நிற்கும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலுடனோ வரும் பிள்ளை இருந்தால், எந்தக் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறது, எங்கே படிகள் மட்டும்தான் என்று நடந்து பாருங்கள். பழைய கட்டடங்கள் என்பதால் எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்காது. வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் பள்ளிகள் இன்னும் உண்டு. மாணவர் கட்டணம், புகைப்படக் கட்டணம், பள்ளிகளுக்கான சலுகை ஆகியவை அவ்வப்போது மாறுபவை. அன்றைய நிலவரத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பாட்சியர் அலுவலகத்தில் தலைமையாசிரியரின் கடிதத்தைக் கொடுத்து, விளக்கம் சொல்ல யாராவது வர முடியுமா என்றும் கேட்கலாம். வருவதாகச் சொன்னாலும், வராவிட்டால் நீங்களே சொல்லும்படி தயாராக இருங்கள்.

கடிதம், பணம், பஸ்

பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். அதில் இரண்டு தொலைபேசி எண்கள், ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவற்றையும் எழுதி வாங்குங்கள். கல்வி அலுவலரின் அனுமதி வேண்டியிருந்தால் விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கோப்பு நகராது.

பணம் வசூலிப்பதில் ஒரு நாசூக்கு தேவை. கொடுக்க முடியாத பிள்ளை 'எனக்கு வர விருப்பமில்லை' என்றுதான் சொல்லும். காரணம் சொல்லாது. எனவே வகுப்பில் பெயர் படித்து யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று கேட்க வேண்டாம். வர விருப்பமில்லை என்பவர்களின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒரு சொல், அவ்வளவில் முடியக்கூடிய காரியம் இது.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது செவ்வாய், புதன் நல்லது. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். அருங்காட்சியகத்துடன் கடற்கரை, கோளரங்கம், உயிரியல் பூங்கா என எல்லாவற்றையும் ஒரே நாளில் கோத்துவிடும் ஆசை பலருக்கு இருக்கிறது. வந்தது வந்தோம் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் அப்படிப் போனால் எதையும் பார்த்ததாக ஆகாது. அருங்காட்சியகத்துக்குப் பிறகு கடற்கரையில் ஒரு மணி நேரம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு உள்ளே மிகவும் உதவும். மாணவிகள் வருகிறார்கள் என்றால் பெண் ஆசிரியர் கட்டாயம். அவர் பையில் நாப்கின் இருக்கட்டும், அது அவரிடம் இருக்கிறது என்று மாணவிகளுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

முந்தைய வாரம் வகுப்பறையில்

பயணத்தின் பாதி வேலை இங்கேதான் நடக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவரையும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாக்குவெட்டி, உழக்கு, பித்தளைச் சொம்பு, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, தேய்ந்த அருவாமனை என எதுவாகவும் இருக்கலாம். விலை உயர்ந்தது வேண்டாம். வகுப்பில் பொருட்களை மாற்றிக் கொடுத்து, உரியவர் வாய் திறக்காமல் இருக்க, மற்றவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இது எதனால் ஆனது? இதை எந்தக் கையால், எப்படிப் பிடித்தார்கள்? எந்த இடம் தேய்ந்திருக்கிறது?

மூன்றாவது கேள்விதான் உயிரானது. பாக்குவெட்டியின் பிடி ஒரு பக்கம் மழமழவென்று இருக்கும். உழக்கின் விளிம்பு, தினமும் அரிசியை வழித்து விட்ட இடத்தில் மெலிந்திருக்கும். சொம்பின் கழுத்தில் விரல் படும் இடம் தனியாகத் தெரியும். பொருளைப் பார்த்து மனிதரைக் கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டால் அருங்காட்சியகத்தில் உங்களுக்கு வேலை குறைவு.

'தொடாதே' என்பதையும் இப்போதே சோதனை செய்து காட்டிவிடுங்கள். நன்றாகத் தேய்த்த பித்தளைத் தம்ளர் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் பிள்ளைகள் வியர்த்த விரலால் அழுத்தட்டும். துடைக்காமல் மேசையில் வையுங்கள். சில நாட்களில் விரல் பட்ட இடம் கறுத்து நிற்கும். ஆண்டுக்கு லட்சம் விரல்கள் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு காவலர் விசிலடிக்கத் தேவை இருக்காது.

வரலாற்றுக் கதை ஒன்றிரண்டையும் முன்பே சொல்லிவிடுங்கள். புத்தர் மீது ஏவப்பட்ட நளகிரி யானையின் கதை, நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகன் யார் என்பது, மெழுகிலிருந்து சிலை வார்க்கும் முறை. காட்சிக்கூடத்தில் நின்று இருபது நிமிடம் கதை சொன்னால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காது. கதையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் தாங்களே தேடிப் பார்ப்பார்கள்.

கையில் ஒரே ஒரு தாள்

பக்கம் பக்கமாக வினாத்தாள் அடித்துக் கொடுக்க வேண்டாம். 'இச்சிலை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது' என்று கேட்டால் பிள்ளை பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதும், சிலையைப் பார்க்காது. பெயர்ப்பலகையில் விடை கிடைக்கும் கேள்வி எதுவும் தாளில் இருக்கக் கூடாது. ஒரு தாள், ஒரு அட்டை, ஒரு பென்சில். பேனா வேண்டாம், மை தெறிக்கும். தாளின் ஒரு பக்கம் வரைவதற்கு, மறு பக்கம் கேள்விகளுக்கு. ஒருவர் ஒரு பொருளை மட்டும் வரைந்தால் போதும். நன்றாக வரைய வராது என்று தயங்கும் பிள்ளையிடம், கையை மட்டும் வரை, அல்லது கால் விரலை மட்டும் வரை என்று சொல்லுங்கள். வரைபவர்தான் உண்மையில் பார்க்கிறார். கைபேசியில் படம் எடுப்பவர் பெரும்பாலும் பார்ப்பதை அதோடு முடித்துக்கொள்கிறார்.

பயண நாள்

விழுப்புரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால்தான் கூட்டத்துக்கு முன் உள்ளே நுழைய முடியும். வெறும் வயிற்றில் ஏற்ற வேண்டாம், நிறையச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம். வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கைகளில் அமர்த்தி, எலுமிச்சம் பழமும் பையும் கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டையில் பள்ளிப் பெயரும் ஆசிரியரின் எண்ணும் இருக்கட்டும். பிள்ளையின் வீட்டு முகவரி வேண்டாம்.

தலை எண்ணுவது பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு கூடத்திலிருந்தும் வெளியே வரும்போது. பிள்ளைகளுக்கு ஒன்று முதல் வரிசை எண் கொடுத்து அவர்களையே சொல்ல வைத்தால் அரை நிமிடத்தில் முடியும். யார் இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வளாகத்தில் இறங்கியதும் உடனே உள்ளே போகாமல் வெளியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1909இல் திறக்கப்பட்ட, ஹென்றி இர்வின் வடிவமைத்த செந்நிறக் கட்டடம் பிள்ளைகளின் கண்ணை முதலில் இழுக்கும். 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் பக்கத்திலேயே இருக்கிறது. அருங்காட்சியகம் முதலில் நுங்கம்பாக்கத்தில் கல்லூரிக் கட்டடம் ஒன்றில் தொடங்கி, பிறகுதான் பாந்தியன் சாலைக்கு வந்தது. முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பல்ஃபர் இங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார், சென்னையின் உயிரியல் பூங்கா அதிலிருந்து வளர்ந்ததுதான். பழைய சென்னைவாசிகள் பூங்காவை 'உயிர் காலேஜ்' என்றும் இதைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்ததைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிட்டு உற்சாகமாக உள்ளே வருவார்கள்.

நாற்பது பேர் என்றால் நான்கு குழு. மூன்று குழுக்கள் மூன்று கூடங்களிலும் இருக்கும்போது நான்காவது குழு வெளியே இருக்கும் கற்சிற்பங்களையும் பீரங்கிகளையும் பார்க்கட்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கூடத்தின் வாசலில் பெரிய கூட்டமாக நிற்காமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு.

அமராவதிக் கூடம்

இங்கே நேரம் செலவழியுங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக் கரையில் இருந்த மாபெரும் பௌத்த ஸ்தூபத்தின் கற்கள் இவை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தொடங்கி கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை பல கட்டங்களாகச் செதுக்கப்பட்டவை. பளிங்கு என்ற பெயர் பரவியிருந்தாலும் கல், பல்நாடு பகுதியின் வெளிர் சுண்ணாம்புக்கல். அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்திருக்கிறது.

முதல் பொருளாக ஒரு வெற்று இருக்கையைத் தேடச் சொல்லுங்கள். சுற்றிலும் மக்கள் வணங்குவார்கள். நடுவில் இருக்கை இருக்கும், மேலே மரம் இருக்கும், கீழே பாதச்சுவடுகள் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். 'இவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தொடக்கக் காலச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் காட்டாமல் அடையாளங்களால் உணர்த்தினார்கள் என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு மனித உருவில் புத்தர் இருக்கும் கல்லைத் தேடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஸ்தூபத்தில் கிடைத்தவை. நம்பிக்கை காலத்தோடு எப்படி உருமாறியது என்பதை இந்த இரண்டு கற்களும் அருகருகே காட்டிவிடும்.

இரண்டாவது பொருள், நளகிரி யானை இருக்கும் வட்டச் சிற்பம். அருங்காட்சியகம் முழுவதிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது என்பேன். புத்தரின் உறவினனும் எதிரியுமான தேவதத்தன் ஏவிவிட்ட மதம் கொண்ட யானை தெருவில் பாய்கிறது. துதிக்கையில் ஒருவனைச் சுழற்றுகிறது. மக்கள் சிதறி ஓடுகிறார்கள், மேல்மாடச் சன்னல்களிலிருந்து பலர் எட்டிப் பார்க்கிறார்கள். அதே வட்டத்துக்குள் யானை புத்தரின் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. 'எத்தனை யானைகள்?' என்று கேளுங்கள். சிலர் இரண்டு என்பார்கள். ஒன்றுதான் என்று யாராவது ஒருவர் சொல்வார், உடனே வாக்குவாதம் தொடங்கும். அதைத் தடுக்காதீர்கள். ஒரே கல்லில் முன்னும் பின்னும் நடந்ததைச் சேர்த்துச் சொல்லும் உத்தியைப் படக்கதை படிக்கும் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்து, சன்னலில் இருப்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் பக்கத்திலிருப்பவரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தாளில் இருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கற்களின் பயணத்தையும் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் ஜமீன்தாரின் புதிய ஊருக்குக் கட்டடக் கற்கள் வேண்டியிருந்தன, மேட்டைத் தோண்டினார்கள், சிற்பங்கள் வெளிப்பட்டன. 1797இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி அங்கே வந்தார். 1845இல் இன்னொரு கம்பெனி அதிகாரியான வால்டர் எலியட் தோண்டியெடுத்தவற்றைச் சென்னைக்கு அனுப்பினார். 1859இல் அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது. இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆந்திரக் கிராமத்துக் கல் சென்னையில் இருப்பது சரியா, லண்டனில் இருப்பது சரியா, இரண்டும் ஒன்றா? பதில் சொல்லிவிடாமல் பஸ்ஸில் பேசிக்கொண்டே போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

படிமக்கூடம்

கோயிலில் நாம் உற்சவரைப் பட்டும் பூவும் சந்தனமும் மறைக்கத்தான் பார்க்கிறோம். இங்கே முழு உருவமும் தெரிகிறது. இது சில பிள்ளைகளுக்குக் கூச்சத்தையும் சிலருக்குக் கும்பிடும் எண்ணத்தையும் தரும். கும்பிடுகிற பிள்ளையைக் கிண்டல் செய்ய விடாதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்கும் பிள்ளைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

முதலில் முகத்தைப் பார்க்காமல் பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பீடங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். எதற்கு? ஊரில் சாமி புறப்பாடு பார்த்த பிள்ளை உடனே சொல்லும்: கம்பு கோத்துத் தூக்குவதற்கு. இவை நடமாடிய சிலைகள், மூலவரைப் பார்க்கக் கோயிலுக்குள் வர முடியாதவர்களின் தெருவுக்கும் போனவை. இப்போது முகத்துக்கு வாருங்கள். சில திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். வகுப்பில் பார்த்த உழக்கின் விளிம்பை நினைவுபடுத்தினால் போதும். தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகமும் சந்தனக் காப்பும் துடைப்பும் உலோகத்தைத் தேய்த்திருக்கின்றன என்று அவர்களே வந்து சேர்வார்கள்.

திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் நில்லுங்கள். நாம் படங்களில் பார்க்கும் நெருப்பு வட்டமான திருவாசி இவருக்கு இல்லை. என்ன இல்லை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உடுக்கை எந்தக் கையில், தீ எந்தக் கையில், ஊன்றிய கால் எது, முயலகன் எங்கே பார்க்கிறான்? இடமிருந்தால் பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று ஒற்றைக் காலில் அதே நிலையில் நிற்க முயலட்டும். அரை நிமிடத்தில் தள்ளாடுவார்கள். எடை முழுவதும் ஒரு காலில் இருக்க, உடல் எப்படித் தடுமாறாமல் நிற்கிறது என்பது அப்போதுதான் புலப்படும். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913இல் நடராசரைப் பற்றி மனமுருகி எழுதினார், அதுவும் சென்னை அருங்காட்சியகச் சிலையின் புகைப்படங்களை மட்டும் பார்த்து. நம் பிள்ளைகளுக்கு நேரில் பார்க்கும் கொடுப்பினை இருக்கிறது.

அடுத்து திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். ஒரே கேள்வி போதும்: எத்தனை கைகள்? வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று, மொத்தம் மூன்று. எண்ணிவிட்டுப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், மறுபடி எண்ணுவார்கள். அப்படி எண்ணும்போதே இரு பாதிகளின் தோளும் இடையும் ஆடையும் வேறுபடுவதைக் கண் வாங்கிக்கொள்ளும்.

நேரம் மிச்சமிருந்தால் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்கள். உச்சியில் சுடர் போன்ற முடி இருக்கும். சோழநாட்டுத் துறைமுகத்தில் கடல் கடந்த சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் ஒருவர் கட்டிய விகாரத்துக்கு, அதாவது பௌத்த மடத்துக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசன் புத்த விகாரத்துக்கு ஏன் ஊர் கொடுத்தான் என்பது ஏழாம் வகுப்பே யோசிக்கக்கூடிய கேள்வி. கடல் வணிகம் என்ற குறிப்பு மட்டும் கொடுங்கள்.

கற்கோடரியும் தாழியும்

தொல்பழங்காலக் கூடத்தில் பொருட்கள் பகட்டாக இல்லை. காட்சிப்பெட்டியில் கற்கள் கிடக்கும். எனவே கதையோடு தொடங்க வேண்டும். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதக் கை செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் இருந்ததற்கு முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அதுதான். இன்று விமான நிலையத்தின் அருகே இருக்கும் அதே பல்லாவரம் என்று சொல்லுங்கள், வழியில் அதைக் கடந்து வந்த பிள்ளைகளின் கண்கள் விரியும். அவர் சேர்த்தவற்றை 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் வரை பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கோடரியை எந்தக் கையில் எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று பிள்ளைகள் வெறுங்கையால் காட்டட்டும்.

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் பொருட்களுக்கு முன்னால், இறந்தவரை வைத்துப் புதைத்த தாழியை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். விலங்கு உருவங்கள் வைத்த வெண்கல மூடிகளும் இரும்புக் கருவிகளும் மெல்லிய பொன் பட்டங்களும் அங்கே கிடைத்தன. இறந்தவரோடு இவற்றை ஏன் புதைத்தார்கள் என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சடங்குகளிலிருந்தே பதில் கொண்டுவருவார்கள். அண்மையில் வீட்டில் இறப்பு நேர்ந்த பிள்ளை யார் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

சாப்பாடும் திமிங்கலமும்

புளியோதரை, தயிர் சாதம் கெடாமல் வரும். வாழையிலையில் அல்லது டப்பாவில். கூடங்களுக்குள் தின்பண்டம் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உடன் வரும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். குப்பைக்கு ஒரு சாக்கு நீங்களே கொண்டு போங்கள்.

சாப்பிட்ட பிறகு யாருக்கும் சிற்பம் பார்க்கும் பொறுமை இருக்காது. அந்த நேரத்தில் விலங்கியல் பகுதிக்கு விடுங்கள், திமிங்கலத்தை ஆசை தீரப் பார்க்கட்டும். இங்கே கேள்வியும் தாளும் வேண்டாம். மூன்று மணிக்குள் பஸ் புறப்பட வேண்டும்.

திரும்பிய பிறகு

'நான் கண்ட அருங்காட்சியகம்' என்ற கட்டுரை வேண்டாம். 'நாங்கள் அனைவரும் மகிழ்ச்சியுடன் பேருந்தில் ஏறினோம்' என்று நாற்பது தாளிலும் ஒரே வரி வரும்.

அதற்குப் பதிலாக வார்ப்பு முறையைச் செய்து பாருங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில்தான் உருவத்தைச் செய்கிறார்கள். மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பள்ளியில் உலோகம் சாத்தியமில்லை. எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, பிள்ளைகள் கட்டைவிரல் அளவில் மீனோ யானையோ செய்யட்டும். சலித்த களிமண்ணை மெல்லியதாகப் பூசி, அடியில் ஒரு துளை விட்டு, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஆசிரியர் மட்டும், திறந்த வெளியில், துளை கீழே இருக்கும்படி மெல்லிய சூட்டில் வைத்து மெழுகை வடிக்க வேண்டும். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். ஆறியதும் குழைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி, இறுகிய பின் மண்ணை உடைத்தால் உருவம் வெளியே வரும். சிலருக்குக் கால் உடையும், சிலருக்குக் காற்றுக் குமிழி விழும். அச்சை உடைத்தாகிவிட்டது, எனவே அதே உருவத்தை மறுபடி வார்க்க முடியாது. திருமேனி ஒவ்வொன்றும் ஏன் ஒன்றே ஒன்று என்பது கையில் மண் ஒட்டியிருக்கும்போது சொன்னால் மறக்காது.

பிள்ளைகள் வரைந்த படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர்ப்பலகையை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஐந்து வரிக்கு மேல் கூடாது. அருங்காட்சியகப் பலகையில் என்ன விட்டுப்போயிருந்தது என்று அவர்களுக்குத் தோன்றியதோ அதை எழுதட்டும்.

விடை கிடைக்காத கேள்விகள் சில மிஞ்சும். திருவாசி எங்கே போயிற்று, கல்லில் யானையைச் செதுக்கியவர் பெயர் என்ன, காட்சிக்கு வைக்காத பொருட்கள் எங்கே இருக்கின்றன என்பன போன்றவை. அவற்றைத் தொகுத்து வகுப்புத் தலைவர் கையெழுத்தில் காப்பாட்சியருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். நன்றி ஒரு வரி, கேள்விகள் ஐந்து, பள்ளி முத்திரை, முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய மறுமொழி உறை.